குழி ரொம்பினால் யார் அள்ளுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் கட்டிய கழிப்பறைகள் பூட்டிக் கிடப்பதைப் பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் நான்கு ஊர் அலைந்து உழைத்திருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கும் இடத்தில்தான் அவரும் வந்து நின்றார்: "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை." இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் எங்கள் ஊர்ப் பக்கமே வேலை பார்த்தேன். கொக்கிப்புழு எப்படிப் பாதத்தைத் துளைத்து உள்ளே போகிறது என்று என் வகுப்புப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பிப்பார்கள், ஒப்பித்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் செருப்பில்லாமல் கம்மாய்க்கரைக்குப் போவார்கள். தெரியாமலா போனார்கள்?

நான் பிறந்தது ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம் வட்டம். இரண்டும் ஒரே மாநிலம், பேசுவது ஒரே மொழி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு ஊருக்கும் நடுவே நூறு வருட இடைவெளி இருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் இதற்குப் பெயரே "வெளிக்குப் போறது". கருவக்காட்டில் ஆண்கள் போகும் திசை வேறு, பெண்கள் போகும் திசை வேறு. கிழக்குத் தெருக்காரர்கள் வரக்கூடாத மேடு ஒன்று, காலனிக்காரர்களுக்கு என்று ரோட்டோரப் பள்ளம் ஒன்று. மலம் கழிக்கிற இடத்துக்கும் சாதி உண்டு என்பது எனக்கு அந்த வயதில் விசித்திரமாகவே படவில்லை, கோயிலுக்கும் கிணற்றுக்கும் இருப்பது போல அதற்கும் இருக்கிறது, அவ்வளவுதான். விடியும் முன் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. இடையில் வந்தால் அடக்க வேண்டும். பகலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை அம்மா எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகவே கற்றுக்கொண்டேன். ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும்போது பஸ் வெளிச்சம் விழுந்தால் வரிசையாக எல்லாப் பெண்களும் எழுந்து நிற்போம், பஸ் போனதும் மறுபடி உட்காருவோம். தென்மாவட்ட ரோடுகளில் இரவு பஸ் ஓட்டிய எந்த டிரைவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

1989-இல் கல்யாணமாகிக் கல்குளம் வந்தேன். முதல் நாள் சாயங்காலம், வெட்கத்தை விட்டு, "அத்தை, இங்க எந்தப் பக்கம் போகணும்?" என்று மாமியாரிடம் கேட்டேன். அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. புரிந்ததும் வீட்டுக்குப் பின்னால் பலா மரத்துக்கும் தென்னைக்கும் நடுவே இருந்த ஓட்டுக் கூரைக் கக்கூஸைக் காட்டினார். என் வீட்டுக்காரர் பிறப்பதற்கு முன்பே கட்டியது என்றார். என் மாமனார் வீடு ஒன்றும் பணக்கார வீடு இல்லை, ரப்பர் பால் வெட்டும் கூலிக் குடும்பம். அந்தத் தெருவில், தெரு என்று சொல்லக்கூடாது, அந்த விளையில், அதாவது மரத்தோட்டத்தில், இருந்த எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு மாதிரிக் கக்கூஸ் இருந்தது. சிலருடையது வெறும் ஓலை மறைப்புதான், ஆனால் இருந்தது. அதை ஒரு பெருமையாக யாரும் நினைக்கவில்லை. அடுப்பங்கரை இருப்பது போல அதுவும் ஒன்று.

ஏன் இப்படி என்று யோசித்து நான் கண்டுபிடித்தவற்றில் முதலாவது, வீடு எங்கே நிற்கிறது என்பது. குமரி மாவட்டத்தில், மலையாள நாட்டில் போலவே, ஒவ்வொரு வீடும் அதனதன் நிலத்துக்கு நடுவே தனியாக நிற்கும். சுற்றிலும் மரம், வேலி, அதற்கு அப்பால் அடுத்தவன் நிலம். "வெளி" என்று ஒன்று கிடையாது. போக வேண்டுமானால் ஒன்று உன் நிலத்தில் போ, இல்லாவிட்டால் அடுத்தவன் விளையில் போய் வசை வாங்கு. எங்கள் ஊரிலோ வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, தெருத்தெருவாக, சாதி சாதியாக நெருங்கிக் கிடக்கும், ஊரைச் சுற்றிப் புறம்போக்கும் காடும் கம்மாயும். இரண்டு சென்ட் வீட்டில் குழியை எங்கே தோண்டுவது? அடுப்பங்கரைக்குப் பக்கத்திலா, சாமி மாடத்துக்குப் பக்கத்திலா? காலனியில் அந்த இரண்டு சென்ட்டும் இல்லை. ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பம் இருக்கும்.

இரண்டாவது, திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 வரைக்கும், இன்று குமரி மாவட்டமாக இருக்கும் அப்போதைய நான்கு வட்டங்களும் அந்த ராஜ்யத்தில், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. 1920-களின் கடைசியில் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை திருவிதாங்கூரில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது, கக்கூஸ் கட்டச் சொல்வது அந்த வேலையில் பாதி. பெண்கள் பள்ளிக்கூடம் போனார்கள், படித்த பெண் வீட்டில் குரல் கொடுப்பாள். இவையெல்லாம் இரண்டு மூன்று தலைமுறை ஊறியதால்தான் 1989-இல் என் மாமியாருக்கு என் கேள்வி புரியவில்லை. அதற்காகக் குமரியைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. குழிக்கும் கிணற்றுக்கும் இருக்க வேண்டிய தூரத்தை இங்கே பாதிப் பேர் மதிப்பதில்லை, அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். கடற்கரையில் இடமில்லாமல் நெருங்கிக் கிடக்கும் மீனவர் ஊர்கள் சிலவற்றில் ரொம்ப காலம் கடல் மணல்தான் கக்கூஸ்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். கேரளக் கிராமங்களில் 93.2 சதவீத வீடுகளில் கழிப்பறை இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் 23.2. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 21.8. எழுபதாண்டு சமூகநீதி, சத்துணவு, பெண் கல்வி என்று நாம் பெருமை பேசும் மாநிலம் இந்தக் கணக்கில் உத்தரப் பிரதேசத்தை ஒன்றரைப் புள்ளி கூடத் தாண்டவில்லை! மேற்கு வங்கக் கிராமங்கள் 46.7, அஸ்ஸாம் 59.6. இவை நம்மைவிடப் பணக்கார மாநிலங்களா? மணிப்பூர் கிராமங்களில் 86, மிசோரமில் 84.6. அங்கே பல வீடுகளில் இருப்பது பீங்கானும் டைல்ஸும் இல்லை, மண்ணில் தோண்டிய குழி, மேலே மூங்கில் மறைப்பு. ஆக, "காசில்லை, அதனால் கட்டவில்லை" என்று சொல்வது பாதி உண்மைதான். தண்ணீர் இல்லை என்பதும் அப்படியே. கிராமங்களுக்கென்றே சரிவு அதிகமாக வைத்துச் செய்த பீங்கான் இருக்கிறது, அதற்கு ஒன்றரை இரண்டு லிட்டர் ஊற்றினால் போதும். கம்மாய்க்கரைக்குச் சொம்பு எடுத்துப் போனால் கிட்டத்தட்ட அதே தண்ணீர்தான்.

சரி, காசும் தண்ணீரும் மட்டும் இல்லை என்றால் வேறு என்ன? என் அண்ணன் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். 2014-இல் தூய்மை இந்தியா வந்தது, வீட்டுக்கு 12,000 ரூபாய், மத்திய அரசும் மாநிலமும் பங்கிட்டுக் கொடுத்தது. அண்ணன் வீட்டிலும் கட்டினார்கள். இரட்டைக் குழி முறை, நாலு அடி உறை இறக்கி, ஒன்று நிரம்பினால் மற்றதற்குத் திருப்பிவிடுவது. படித்தவள் என்ற முறையில் நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். அடுத்த பொங்கலுக்குப் போனபோது உள்ளே விறகும் ஆட்டுக்கு வாங்கிய புண்ணாக்கு மூட்டையும் இருந்தன. மதினி மட்டும் ராத்திரி அவசரத்துக்குப் போவாராம், அண்ணன் போகவே மாட்டார். "எல்லாரும் போனா ரெண்டு வருசத்துல ரொம்பிரும். ரொம்பிட்டா எவன் அள்ளுறது?" என்றார். நான் உட்கார்ந்து விளக்கினேன். அஞ்சு பேர் குடும்பத்துக்குச் சரியான அளவில் வெட்டிய குழி நிரம்ப அஞ்சு வருடம் ஆகும், மூடி வைத்தால் ஒன்றிரண்டு வருடத்தில் நாற்றமில்லாத மண் மாதிரி ஆகிவிடும், நீங்களே மண்வெட்டியால் அள்ளி வயலுக்குப் போடலாம் என்று. அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நான் அள்ளணுமா? அந்த வேலையை நானா?"

அவ்வளவுதான். மொத்த விஷயமும் அதற்குள் இருக்கிறது. குழி அசுத்தம் என்பதைவிட, குழியைத் தொடுகிறவன் யார் என்பதுதான் அண்ணனை உறுத்தியது. அந்த வேலையைச் சில சாதிகளின் தலையில் கட்டி, அதற்குத் தோட்டி வேலை என்று பெயரும் வைத்து, அந்தப் பெயரையே வசைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டோம். இப்போது அவன் குழியை அவனே திற என்றால் திறப்பானா? கடைசியில் என் அண்ணன் எண்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி, ஒரு அறை அளவுக்குச் செப்டிக் டேங்க் கட்டினார். தன் ஆயுசில் நிரம்பாது என்று கணக்குப் போட்டுக் கட்டினார். அதன் பிறகுதான் வீட்டு ஆண்கள் உள்ளே போனார்கள். அப்படி ஒரு டேங்க் கட்ட முடியாத வீடுகளில் விறகுதான்.

இது என் அண்ணனின் தனிக் குணம் என்று நினைக்காதீர்கள். 2014-இல் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் சிலர் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஓடுகிற கழிப்பறை இருக்கும் வீடுகளிலேயே நாற்பது சதவீதத்துக்கும் மேலானவற்றில் குறைந்தது ஒருவராவது வெளியே போய்க்கொண்டிருந்தார். கழிப்பறை பொம்பளைக்கும் கிழடுகளுக்கும் நோயாளிக்கும், திடமான ஆம்பளை வயலுக்குப் போவான், அதுதான் உடம்புக்கு நல்லது என்று பதில் வந்தது. எங்கள் ஊர் ஆண்களைப் பேட்டி எடுத்தது போலவே இருந்தது எனக்கு! 2018-இல் ஹரியானா தவிர மற்ற நான்கு மாநிலங்களுக்கும் மறுபடி போனார்கள். வெளியே போகிறவர்கள் சுமார் 70 சதவீதத்திலிருந்து 44-க்குக் குறைந்திருந்தார்கள், அது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழிப்பறை வைத்துக்கொண்டே வெளியே போகிறவர்களின் பங்கு கிட்டத்தட்ட நாலில் ஒருவர், அது நான்கு வருடத்தில் அசையவே இல்லை. கட்டடம் பெருகியதால் குறைந்ததே தவிர மனசு அங்கேயே நின்றது.

இதே நாட்டில் லடாக்கையும் பாருங்கள். அங்கே பழைய வீடுகளில் மேல் தளத்தில் தரையில் ஓட்டை, கீழே அறை. போய்விட்டு மேலே மண்ணைத் தள்ளுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை கீழ் அறையைத் திறந்து வாற்கோதுமை வயலுக்கு எடுத்துப் போவார்கள். குளிர் நாடு, எரு கிடைப்பது கஷ்டம், அதனால் அது அவர்களுக்குச் சொத்து. அள்ளுவதும் அந்த வீட்டுக்காரர் பொறுப்புதான், அள்ளியதற்காக யாரும் அவரைத் தீண்டாமல் விலக்கி வைப்பதில்லை. நம் பக்கத்தில் மாட்டுச் சாணியை வெறும் கையால் அள்ளி வாசல் தெளிக்கும் பெண், மட்கிப்போய் மண்ணாகிவிட்ட குழியைத் திறக்கச் சொன்னால் கூசுகிறாள். மூக்கைக் கேட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்லாது.

மத்திய அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2017 பிப்ரவரியில் அப்போதைய குடிநீர் மற்றும் துப்புரவுத் துறைச் செயலர் பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவில் வாரங்கல் பக்கம் கங்காதேவிபள்ளி என்ற ஊரில், தானே குழிக்குள் இறங்கி உரத்தை அள்ளிக் காட்டினார். அவர் பெயரின் பின்பாதியைப் பார்த்தால் அந்தச் செய்தி ஏன் அத்தனை பத்திரிகையில் வந்தது என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. நல்ல காரியம்தான், நான் கை தட்டினேன். ஆனால் அரசுச் செயலர் இறங்கினால் அது செய்தி, எங்கள் காலனித் தம்பி இறங்கினால் அது பிழைப்பு.

அந்தப் பிழைப்பின் கணக்கையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். செப்டிக் டேங்க் பெருகியது, லாரியும் வந்தது. லாரி போக முடியாத சந்துக்குள் ஆள் போகிறான். மனிதக் கழிவை மனிதன் அள்ளக்கூடாது என்று 1993-லும் 2013-லும் சட்டம் போட்டார்கள், 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சாவுக்குப் பத்து லட்சம் இழப்பீடு என்றது, 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. தமிழ்நாடு இந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கிறது. லாரி உறிஞ்சியதை எங்கே கொட்டுகிறார்கள் என்று உங்கள் நிருபர் ஒரு ராத்திரி பின்னால் போய்ப் பார்த்தால் நல்ல செய்தி கிடைக்கும்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் கருவக்காட்டுக்குப் போனதை வெறும் துன்பமாக மட்டும் எழுதிவிட்டால் அது பொய். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், மாமியார் கண் படாமல் தன் வயதுப் பெண்களோடு அரைமணி நேரம் பேசக் கிடைத்த ஒரே இடம் அதுதான். இருக்கும் கழிப்பறையைப் பயன்படுத்த மாட்டேன் என்று சில மருமகள்கள் அடம்பிடித்ததற்கு அது ஒரு காரணம், எந்த அதிகாரியும் இதைக் கேட்டு எழுதியதில்லை. பாம்புக்கும் பயம், ஆளுக்கும் பயம், ஆனாலும் அந்த அரைமணி நேரம் எங்களுடையது. 2017-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சீமைக்கருவேலத்தை மளமளவென்று வெட்டினார்கள் அல்லவா, அப்போது மதினி போனில், "மறைவே போச்சும்மா, இனி எங்க போறது" என்று அழுதார். நிலத்தடி நீரைக் காப்பாற்றப் போட்ட உத்தரவு இவர்கள் கதவைப் பிடுங்கியது.

அப்புறம் அந்த மகளிர் சுகாதார வளாகம். 2000-களின் தொடக்கத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று கட்டினார்கள், எங்கள் ஊரிலும் ஒன்று. வரிசையாகக் கழிப்பறை, குளிக்கும் இடம், துவைக்கும் கல். நல்ல யோசனை. ஆறு மாதம் நடந்தது. பிறகு காலனிப் பெண்களும் வருகிறார்கள் என்று மேலத்தெருப் பெண்கள் நின்றார்கள், சுத்தம் செய்ய வைத்த அம்மாவுக்குச் சம்பளம் நின்றது, மோட்டார் நின்றது, சாவி ஒரு வீட்டில் தங்கிவிட்டது. திருச்சிப் பக்கம் முசிறியில் ஒரு சமுதாயக் கழிப்பறையில் இதைத் தலைகீழாக்கினார்கள். சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரித்து உரமாக்கும் கழிப்பறை அது, வந்து போகிறவருக்கு ஒரு தடவைக்குப் பத்துக் காசு கொடுத்தார்கள். பத்துக் காசுக்கு என்ன வரும் என்று கேட்கலாம். உன் கழிவுக்கும் ஒரு விலை உண்டு என்று சொன்னார்களே, அது எனக்குப் பிடித்திருந்தது.

வற்புறுத்தி முடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் கழிப்பறை இல்லாதவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கக்கூடாது என்று ஹரியானா சட்டம் போட்டது, 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதைச் சரி என்றது. யாருக்கு நிலம் இல்லையோ அவருக்கே நாற்காலியும் இல்லை. 2019 செப்டம்பரில் மத்தியப் பிரதேசம் சிவபுரி மாவட்டம் பாவ்கேடியில், ஊராட்சிக் கட்டடத்துக்கு எதிரே மலம் கழித்தார்கள் என்று இரண்டு தலித் குழந்தைகளை அடித்தே கொன்றார்கள். அந்தக் குழந்தைகள் வீட்டில் கழிப்பறை இல்லை. ஊர் மட்டும் காகிதத்தில் திறந்தவெளி மலம் கழித்தல் அற்ற ஊர். அது நடந்து ஒரு வாரத்தில், அக்டோபர் 2 அன்று, நாட்டின் கிராமங்கள் எல்லாமே அப்படி ஆகிவிட்டதாக அறிவித்தார்கள். அதே காலத்தில், 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு, கிராமப்புற வீடுகளில் நாலில் ஒன்றுக்கு எந்தக் கழிப்பறையும் இல்லை என்றது.

அதனால் ஆசிரியர் அவர்களே, அடுத்த தடவை நிருபரை அனுப்பும்போது, கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டுக் கதவைப் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். வீட்டில் எத்தனை பேர், காலையில் யார் யார் எங்கே போனீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கட்டும், முடிந்தால் பெண்களிடம் ஒரு பெண் நிருபர் கேட்கட்டும். மேலத்தெருவுக்கு ஒரு கணக்கு, காலனிக்கு ஒரு கணக்கு எடுக்கட்டும், ஊராட்சிக்கு மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டால் காலனி அதில் காணாமல் போய்விடும். குழி எத்தனை அடி, நிரம்பினால் யார் வருவார், அவருக்கு எவ்வளவு கொடுப்பீர்கள், அவர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரலாமா என்பதையும் கேட்கட்டும்.

என் அண்ணனிடம் கேட்க வேண்டாம், அவர் பதிலை நான் எழுதிவிட்டேன். டேங்க் கட்டிப் பத்து வருடம் ஆகப்போகிறது, பேரப்பிள்ளைகள் சேர்ந்து வீட்டில் இப்போது ஒன்பது பேர். போன மாதம் போனில், ஓரத்தில் கசிகிற மாதிரி இருக்கிறது என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.